பட்டுக்கோட்டை கரண்டுக்கு ஒரு ஸ்கிம்மர்

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. அதோடு சேர்ந்து ஹாலுக்குள் நாற்றமும் வந்தது.

தஹ்மீனா அடுப்படியிலிருந்து ஓடி வருவதற்குள், மீன்தொட்டியின் கீழ் அலமாரிக் கதவிடுக்கில் பழுப்புத் தண்ணீர் நுரைத்து வழிந்து, வெள்ளை டைல்ஸில் பாதை போட்டுக்கொண்டு போய், மாமியாரின் நாற்காலிக்கு அடியில் தேங்கிவிட்டது. சைத்தூன் பீவி இரண்டு காலையும் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொண்டு, கையில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்திருந்தார்.

"வந்துருச்சு பாரு உன் கடலு," என்றார். "அதிராம்பட்டினத்துலேர்ந்து நடந்தே வந்துருச்சு."

அதிராம்பட்டினம் தஹ்மீனா பிறந்த ஊர். அவள் ப்ளக்கைப் பிடுங்கினாள். பழைய கைலி ஒன்றை எடுத்து வந்து முட்டி போட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு மட்டும் இது மூன்றாவது தடவை.

மூன்றடி நீளத் தொட்டி அது. உள்ளே உப்புத் தண்ணீர், பாறைத் துண்டுகள், சென்னையில் ஒரு பண்ணையில் பில் போட்டு வாங்கிய மூன்று மென்பவளங்கள், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். கல்யாணமான இரண்டாம் வருஷம் லீவில் வந்த உபைதுல்லா, "நீ படிச்ச கடல் படிப்பு சும்மா கெடந்து வீணாப் போவக்கூடாது தஹ்மீ" என்று சொல்லி, தன் கையாலேயே அலமாரி அடித்து வைத்துக்கொடுத்த தொட்டி. கடல்சார் விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டு, அந்தத் தெருவில் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த அவளுக்கு அன்று வந்த சந்தோஷம் நிக்காஹ் அன்றுகூட வரவில்லை. இதை அவனிடமே சொல்லியிருக்கிறாள்.

அவன் சவூதிக்கு, தம்மாமுக்குத் திரும்பிப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. உப்பு கரைப்பதும், தண்ணீரைச் சோதிப்பதும், கண்ணாடி துடைப்பதும் அவள் வேலை. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டிருந்தது, மூன்று வாரத்துக்கு முன்னால் அந்தப் புது ஸ்கிம்மர் சவூதியிலிருந்து வந்து இறங்கும் வரை.

கடல்மீன் தொட்டிக்கு ஸ்கிம்மர் என்பது கிட்னி மாதிரி. ஒரு குழாய்க்குள் தண்ணீரையும் காற்றையும் அடித்து, மாவு போலப் பொடிப்பொடியாகக் குமிழி விடும். மீனின் கழிவும் மிச்ச தீனியும் அந்தக் குமிழிகளில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலே ஏறி, உச்சியில் உள்ள கோப்பையில் டீ டிக்காஷன் நிறத்தில் சேரும். அதைக் கொட்டிக் கழுவினால் போதும். பழைய ஸ்கிம்மர் உடைந்துபோனது என்று அவள் சொன்ன மறுவாரமே, உபைதுல்லா லீவில் வந்த ஒருவர் கையில் புதிதாக ஒன்றைக் கொடுத்தனுப்பிவிட்டான். அரை ஆள் உயரம், பளபளவென்று. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. கடல் கடந்து சம்பாதிக்கப் போன சபுராளி அனுப்பிய சாமான் என்றால் சும்மாவா?

அந்தச் சாமான்தான் இப்போது, கரண்ட் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் ஹாலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தது. அது 2012. மின்வெட்டில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கரண்ட் போகும், எத்தனை தடவை வரும் என்று யாரும் எண்ணுவதை விட்டுவிட்ட வருஷம்.

துடைத்துப் பிழிந்துகொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். பக்கீர் முகம்மது வந்தார். உபைதுல்லாவின் அண்ணன், தேங்காய் மண்டி வைத்திருப்பவர். தம்பி அனுப்பிய பணத்தில் இந்த வீடு எழும்பியபோது பக்கத்தில் நின்று பார்த்துக் கட்டியவர் அவர்தான். அதனாலேயே இந்த வீட்டின் செங்கல்லெல்லாம் தன் பேச்சைக் கேட்கும் என்று ஒரு நினைப்பு அவருக்கு.

மூக்கை மேல்துண்டால் மூடிக்கொண்டார். "என்னா உம்மா இது, கருவாட்டுக் குடோன் கணக்கா?"

"உன் தம்பி பொண்டாட்டியக் கேளு."

"தஹ்மீனா, இந்தா பாரும்மா. அடுத்த வெள்ளிக்கிழமை எம்மவளைப் பாக்க மாப்புள வூட்டுப் பொம்பளைங்க வர்றாங்க. என் வூடு மண்டிக்குப் பின்னாடி மட்டைக்கும் நாருக்கும் நடுவுல கெடக்கு. அங்க எப்புடி உக்கார வைக்கிறது? இந்த ஹால்லதான் உக்கார வைக்கணும். வர்றவுங்க மூக்கப் புடிச்சிக்கிட்டா உக்காருவாங்க?"

"அதுக்குள்ள சரி பண்ணிடுறேன் பெரிய மச்சான்."

"மூணு வாரமா இதான் சொல்ற. அடுத்த வியாழக்கிழமை ரெண்டு மணிக்கு லோடு ஆட்டோவோட வர்றேன். மன்னார்குடியில எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு கலர் மீன் கடை வச்சிருக்காரு. ஏத்திவுட்டுட்டா அவரு பாத்துக்குவாரு."

தஹ்மீனா ஈரக் கைலியை வாளியில் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"தொட்டி எங்கயும் போவாது."

"என்னாது?"

"நாத்தம் போயிடும். தொட்டி போவாது. இங்கதான் இருக்கும்."

"இது யாரு சொல்றது? உபைதா?"

"நான் சொல்றேன்."

பக்கீர் முகம்மது உம்மாவைப் பார்த்தார். உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டினார். "வியாழக்கிழமை ரெண்டு மணி" என்று மறுபடியும் சொல்லிவிட்டு அவர் வெளியேறினார்.

அன்று மாலை உபைதுல்லாவின் போன் வந்தது. வாரத்தில் மூன்று நாள், வேலை முடிந்து அறைக்குத் திரும்பும் வழியில் பேசுவான்.

"வால்வைக் கொஞ்சம் தொறந்து வையேன் தஹ்மீ. நுரை கீழ எறங்கும்."

"தொறந்தாச்சு. மூடியாச்சு. பாதி தொறந்தாச்சு. குமிழி பருப்பு பருப்பா வருது மச்சான், பொடியா வரவே இல்ல. பம்பு தொட்டா கை சுடுது."

"ஜெர்மன் சாமான் அது. இங்க கடையில போட்டுக் காமிச்சான், பால் மாதிரி நுரை. நீ எதையோ தப்பா மாட்டியிருக்க."

அவளுக்குச் சுருக்கென்றது. அதைக் காட்டாமல், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, டார்ச் அடித்து அலமாரிக்குள் குனிந்து பம்பைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒட்டியிருந்த வெள்ளி லேபிளில் பொடி எழுத்து.

"மச்சான், உங்க ஊர் கரண்ட் எத்தனை ஹெர்ட்ஸ்?"

"அறுபது."

"இதுல அறுபதுன்னு போட்டிருக்கு. நம்ம ஊர்ல அம்பது. அறுபதுல ஓட வேண்டியது அம்பதுல ஓடுனா மெதுவாத்தானே சுத்தும்? மெதுவாச் சுத்துனா குமிழி பெருசாத்தானே வரும்? சூடாத்தானே ஆவும்?"

உபைதுல்லா தம்மாமில் ஏசி மெக்கானிக். ஒரு நாளைக்குப் பத்து லேபிள் படிக்கிற ஆள். ஊருக்குப் போகிறவர்கள் மிக்ஸி வாங்கினாலும் ஃபேன் வாங்கினாலும், "அம்பதான்னு பாத்து வாங்குங்க பாய்" என்று புத்தி சொல்கிறவன். தன் பெண்டாட்டிக்கு வாங்கும்போது மட்டும் பளபளப்பைப் பார்த்து மயங்கிவிட்டான்.

"சரி. வேற பெருசா ஒண்ணு அனுப்புறேன்," என்றான். "அம்பது ஹெர்ட்ஸ்லயே. அடுத்த மாசம் நம்ம மீரா உசேன் ஊருக்கு வர்றான், அவன்ட்ட…"

"வேணாம். எனக்கு வியாழக்கிழமைக்குள்ள வேணும். நானே வாங்கிக்கிறேன்."

"அங்க என்னா கெடைக்கும்? நான் இங்க இருக்கும்போது நீ ஏன் டியூஷன் காச எடுத்துக்கிட்டுக் கடை கடையா அலையணும்?"

"ஏன்னா கரண்ட் போறது இங்க. நீங்க எவ்வளவு பெரிய பம்பு அனுப்புனாலும் அது பட்டுக்கோட்டை கரண்ட்லதான் ஓடணும். அதைப் பாத்து வாங்குறதுக்கு இங்க இருக்குற ஆள்தான் வேணும்."

சொன்னபோது அது ஸ்கிம்மரைப் பற்றிய பேச்சாகத்தான் இருந்தது. சொல்லி முடித்தபோது இருவருக்குமே வேறு எங்கோ பட்டுவிட்டது. "உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டான். அதற்கு அடுத்த முறை, அதற்கும் அடுத்த முறை போன் வரவில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தஹ்மீனா தஞ்சாவூர் போனாள். ஒன்றரை மணி நேரப் பயணம். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்றே மூன்று கேள்வி எழுதி வைத்திருந்தாள்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது லூர்துராஜின் கடை. பூதலூர்க்காரர். முன்பக்கம் கண்ணாடித் தொட்டிகளில் தங்கமீன், பின்பக்கம் சிமெண்டுத் தொட்டிகளில் குளத்துக்கு விடுகிற கெண்டைக் குஞ்சு. குளம் குத்தகை எடுப்பவர்களுக்குக் குஞ்சு விற்றுத்தான் கடையே நடந்தது. மாதா படத்துக்குக் கீழே உட்கார்ந்து வலை தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"வாங்கம்மா. கோல்டுஃபிஷ்ஷா?"

"ஸ்கிம்மர் வேணும் அண்ணே. இருநூறு லிட்டர் உப்புத்தண்ணித் தொட்டி."

லூர்துராஜ் ஊசியைக் கீழே வைத்தார். "எங்கேர்ந்து வர்றீங்க?"

"பட்டுக்கோட்டை."

"பட்டுக்கோட்டையில உப்புத்தண்ணித் தொட்டியா! தஞ்சாவூர்லயே நாலு டாக்டருங்கதாம்மா வச்சிருக்காங்க. அதுலயும் ரெண்டு பேரு இந்தக் கரண்ட் கட்டுல கைகழுவிட்டாங்க." எழுந்து ஏணி போட்டு, மேல் தட்டிலிருந்து இரண்டு அட்டைப் பெட்டியை இறக்கினார். "இது பதினாலாயிரம். இதை வாங்கிட்டா உங்க தொட்டி இன்னும் ரெண்டு பங்கு பெருசானாலும் தாங்கும். இது ஆறாயிரத்து ஐநூறு, இதுவும் நல்லா இழுக்கும்."

"எத்தனை வாட் அண்ணே?"

"பெருசு நாப்பத்தஞ்சு. சின்னது இருவத்தஞ்சு."

"கரண்ட் போயிட்டுத் திரும்ப வந்தா வழியுமா?"

அவர் தலையைச் சொறிந்தார். "அது வந்தும்மா… கீழ்த்தொட்டியில வைக்கிற சாமான். கரண்ட் போனா மேல இருக்குற தண்ணி கீழ எறங்கும். மட்டம் ஏறிடும். திரும்ப ஓடும்போது கொஞ்சம் வழியும். ஒரு ஜெனரேட்டர் போட்டுக்குங்க."

"ரெண்டு மீனுக்கு ஜெனரேட்டரா? இதுல ஒரு சாமான் உடைஞ்சா பார்ட்ஸ் இங்க கெடைக்குமா?"

"சென்னைக்குச் சொல்லணும். பத்து நாள் ஆவும். ஏம்மா, நீங்க ஸ்கிம்மர் வாங்க வந்தீங்களா, என்னைய வைவா கேக்க வந்தீங்களா?"

தஹ்மீனா சிரித்துவிட்டாள். மூன்று நாளில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவர் பெட்டிகளைத் திரும்ப அடுக்கப் போனபோது, தட்டின் மூலையில் ஒட்டடை படிந்து கிடந்த ஒரு நீளக் குழாய் அவள் கண்ணில் பட்டது. மணிக்கட்டுப் பருமன், ஒன்றரை அடி உயரம், தலையில் ஒரு சிறு கோப்பை, முதுகில் கொக்கி.

"அது என்னா?"

"அதுவா? பழைய மாடல்மா. தொட்டியோட ஓரத்துல தொங்க வுடுறது. பம்பு கெடையாது. கீழ ஒரு மரக்கட்டையை வச்சு, வெளியேர்ந்து காத்தடிக்கணும். கட்டையோட கண்ணு வழியாப் பொடிக் குமிழி வரும். ரெண்டு வருசமா கெடக்கு, ஒருத்தரும் தொட்டுப் பாக்கல. ரெண்டாயிரம் குடுங்க போதும். வேணாம்மா, நீங்க படிச்சவுங்க, உங்களுக்குப் போயி இதைக் குடுத்தா எனக்கே பாவம்."

அவள் அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். உடையக்கூடியது என்று அதில் ஒன்றுமே இல்லை. கீழ்த்தொட்டி வேண்டாம், அதனால் மட்டம் ஏறுகிற பேச்சே இல்லை. மாதம் ஒரு தடவை மரக்கட்டையை மட்டும் மாற்ற வேண்டும். காற்று நிற்காமல் வர வேண்டும், அவ்வளவுதான். காற்று எங்கிருந்து வரும்? கரண்ட் போனால் காற்றும் போய்விடுமே.

அப்போது கடைப் பின்பக்கம் ஒரு டாடா ஏஸ் வண்டியில் மீன்குஞ்சு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நீலப் பீப்பாய்களுக்குள் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. வண்டியில் ஏது கரண்ட்?

"அண்ணே, குஞ்சுக்கு எதுலேர்ந்து காத்து குடுக்குறீங்க?"

"பேட்டரி பம்புமா. பன்னெண்டு வோல்ட்டு. பூதலூர்லேர்ந்து ராமநாதபுரம் வரைக்கும் குஞ்சு உசுரோட போவணும்ல…" சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அவள் கையிலிருந்த குழாயைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"மாதாவே," என்றார்.

"அதுல ஒண்ணு குடுங்க. ஒரு சின்ன பேட்டரியும், சார்ஜரும், நாலு மரக்கட்டையும்."

"எத்தனையோ டாக்டரு, இஞ்சினியரு வந்து போனாங்க," என்று லூர்துராஜ் தூசியைத் துடைத்தபடி சொன்னார், "ஒருத்தருக்கும் இது தோணல. குஞ்சு விக்கிற எனக்கும் தோணல பாருங்க. ஒழுங்கா ஓடுனா போன் பண்ணுங்க. ஓடலன்னாலும் பண்ணுங்க, திருப்பி எடுத்துக்குறேன்."

அன்று சாயங்காலமே மாட்டிவிட்டாள். சவூதிச் சாமானைக் கழற்றித் துடைத்து, அட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். சைத்தூன் பீவி புதுக் குழாயைப் பார்த்துவிட்டு, "இந்தப் புட்டுக் குழல வாங்கவா தஞ்சாவூர் வரைக்கும் போன?" என்றார்.

புது ஸ்கிம்மர் போட்ட உடனே வேலை செய்யாது என்று தஹ்மீனாவுக்குத் தெரியும். இரண்டு மூன்று நாள் பழக வேண்டும். சனிக்கிழமை வெறும் குமிழி. ஞாயிறும் வெறும் குமிழி. திங்கட்கிழமை இரவு படுக்கப் போகும்போது, குழாயின் கழுத்தில் விரல் உயரத்துக்கு நுரை ஏறி நின்றது. அவளுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. உபைதுல்லாவின் நம்பரை எடுத்து, போன் பண்ணலாமா என்று யோசித்து, முதலில் அவர் பண்ணட்டும் என்று வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை நுரை செத்துக் கிடந்தது. குமிழிகள் மேலே வந்து பட்டென்று உடைந்துபோயின. தண்ணீரும் மங்கல். அன்று ராத்திரி மறுபடி கொஞ்சம் ஏறியது. புதன்கிழமை காலை மறுபடி செத்துவிட்டது.

ராத்திரி உயிரோடு இருப்பது காலையில் ஏன் சாக வேண்டும்? கட்டையை மாற்றினாள், குழாயைக் கழுவினாள், பேட்டரியைப் பார்த்தாள். எதிலும் குறை இல்லை. தண்ணீரின் மேல்பரப்பைச் சாய்ந்து பார்த்தபோதுதான், ஜன்னல் வெளிச்சத்தில் மெல்லிய வானவில் நிறம் ஒன்று அலைவதைக் கண்டாள்.

எண்ணெய். ஒரு சொட்டு எண்ணெய் போதும், அத்தனை நுரையும் அடங்கிவிடும். ஆனால் அவள் தொட்டியில் கை விடும் முன் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறவள். யார் கை?

வியாழக்கிழமை காலை பஜ்ருத் தொழுகை முடிந்ததும் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. கதவை ஒரு விரல் அகலம் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

சைத்தூன் பீவி தொழுகைப் பாயைச் சுருட்டி வைத்தார். கொல்லைத் தென்னையில் காய்த்து, மகன் மண்டியில் ஆட்டிய எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தலையில் சூடு பறக்கத் தேய்த்தார். கொண்டையை முடிந்தார். அப்புறம் நேற்றைய இடியாப்பம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியண்டை வந்தார். மூடியைத் தள்ளினார். மணிக்கட்டு வரை கையை உள்ளே விட்டு, இடியாப்பத்தைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். இரண்டு மீனும் அவர் விரலைச் சுற்றி வந்து முட்டின.

"தின்னுங்க, தின்னுங்க. அவ குடுக்குற அந்தத் தூளு ஒரு தீனியா? எம்மவனும் இப்புடித்தான் அங்க ரொட்டியத் தின்னுட்டுக் கெடக்குறான்… இன்னும் பதினாலு மாசம் இருக்கு. அதுவரைக்கும் நல்லா இருக்கணும், ஆமா. வந்து பாத்தான்னா, உம்மா எங்கள நல்லாப் பாத்துக்கிட்டாங்கன்னு சொல்லணும்."

தஹ்மீனாவுக்குக் கோபம் வந்தது. அதன் மேலேயே சிரிப்பும் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்ததால் எது முதலில் வந்தது என்று சொல்ல முடியவில்லை. மூன்று வாரமாக நாறிக்கொண்டிருந்ததில் பாதி, சவூதிப் பம்பு. மீதி, இடியாப்பம்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள். "மாமி. கைய எடுங்க."

சைத்தூன் பீவி திடுக்கிட்டுத் திரும்பினார். கையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டியது. ஒரு கணம்தான். உடனே நிமிர்ந்துகொண்டார். "ஏன்? எம்மவன் வாங்குன மீனுக்கு நான் திங்கக் குடுக்கக் கூடாதா?"

"குடுக்கலாம். தூளுதான் குடுக்கணும். ஒரு சிட்டிகை. எண்ணெய்க் கையோட குடுக்கக் கூடாது. உங்க தலை எண்ணெய் பட்டுத்தான் நுரையெல்லாம் சாவுது. நீங்க போட்ட இடியாப்பம் அழுகித்தான் நாறுது. இன்னைக்கு ரெண்டு மணிக்கு உங்க பெரிய மவன் வண்டி கொண்டாந்து இதுங்கள ஏத்திக்கிட்டுப் போவப் போறாரு. போவணுமா, இருக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

மாமியார் தொட்டியைப் பார்த்தார். மீன்கள் இன்னும் அவர் பக்கத்துக் கண்ணாடியிலேயே நின்றன.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்று முணுமுணுத்துவிட்டு, கை கழுவப் போனார்.

தஹ்மீனாவுக்கு ஏழெட்டு மணி நேரம் இருந்தது. பாறை இடுக்கில் ஒளிந்திருந்த இடியாப்பச் சிக்கல்களை ஒவ்வொன்றாகக் குழாய் போட்டு உறிஞ்சினாள். மேல் தண்ணீரை டம்ளரால் அள்ளிக் கொட்டினாள். தயாராகக் கரைத்து வைத்திருந்த உப்புத்தண்ணீரில் மூன்று வாளி மாற்றினாள். புது மரக்கட்டை போட்டாள். பதினோரு மணிக்குக் குழாயின் கழுத்தில் நுரை ஏறியது. ஒரு மணிக்குக் கோப்பைக்குள் முதல் பழுப்புச் சொட்டு விழுந்தது. அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. நாற்றம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெருவுக்குப் போய்விட்டது.

சரியாக ரெண்டு மணிக்கு லோடு ஆட்டோ வந்து நின்றது. பக்கீர் முகம்மது மண்டி ஆள் இரண்டு பேரோடு உள்ளே வந்தார். மேல்துண்டை மூக்குக்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தி மோந்து பார்த்தார்.

"ஊதுவத்தி கொளுத்துனியா?"

"இல்ல. நீங்களே பக்கத்துல வந்து பாருங்க."

அவர் வந்தார். கோப்பையில் டிக்காஷன் போல இரண்டு விரல் ஆழம் அழுக்கு. தொட்டித் தண்ணீர் கண்ணாடி மாதிரி. அவர் முகத்தில் வந்த ஏமாற்றத்தை அவரால் மறைக்க முடியவில்லை.

"இப்ப சரியாத்தான் இருக்கும். கரண்ட் போயிட்டு வந்தா ஊத்தப் போவுது. நாளைக்கு அவுங்க உக்காந்திருக்கும்போது காலடியில ஊத்துனா? நான் சொன்னா சொன்னதுதான். தூக்குங்கப்பா."

மண்டி ஆட்கள் ஓரடி முன்னால் வந்தார்கள். தஹ்மீனா தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இதைத் தொடுறதா இருந்தா என்னையத் தள்ளிட்டுத்தான் தொடணும். அந்நிய ஆம்பளைங்க, தள்ளுவாங்களா பெரிய மச்சான்? நீங்கதான் சொல்லணும்."

ஆட்கள் பின்வாங்கி வாசலைப் பார்த்தார்கள். பக்கீர் முகம்மது செல்போனை எடுத்தார். "உபைத்துட்ட பேசிக்கிறேன். அவன் சொன்னா கேப்பல்ல?" எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

இரண்டு மணி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஃபேன் கறகறவென்று நின்றது. தெரு முழுக்க ஒரு சத்தம் அடங்கியது. கரண்ட் போய்விட்டது.

அந்த அமைதியில், வீட்டில் ஒரே ஒரு சத்தம் மட்டும் இருந்தது. தொட்டி ஓரத்துக் குழாயில் காற்று ஏறும் சத்தம். நிற்கவே இல்லை.

"என்னா காக்கா?" போனில் உபைதுல்லாவின் குரல்; அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான். "என்னா அது, கொளகொளன்னு?"

"உன் பொண்டாட்டி தொட்டி. கரண்ட் இல்ல, ஆனா அது மட்டும் ஓடுது."

"கரண்ட் இல்லாமயா? எப்புடி?"

"எப்புடின்னா என்னையக் கேக்குற? நீ ஒரு வார்த்தை சொல்லு, தொட்டிய ஏத்திட்டு…"

தஹ்மீனா போனை நோக்கிக் குனிந்தாள். "மச்சான், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வீடு உங்க ரெண்டு பேரோடது. தொட்டி என்னோடது. பெரிய மச்சான் சொல்றாரு, கரண்ட் வந்தா ஊத்தும்னு. வரட்டும். நாலு மணிக்கு வரும். ஒரு சொட்டு தரையில விழுந்தா நானே தூக்கி வண்டியில வைக்கிறேன். விழலன்னா இந்தப் பேச்சு இன்னையோட முடிஞ்சிது."

தம்மாமிலிருந்து, "அவ சொல்றது சரிதான் காக்கா. உக்காருங்க" என்று வந்தது.

உட்கார்ந்தார்கள். ரெண்டு மணி நேரம். தஹ்மீனா எல்லோருக்கும் டீ போட்டாள், வாசலில் நின்ற ஆட்டோக்காரருக்கும் சேர்த்து. பக்கீர் முகம்மது வியர்வை வழிய, தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார். சைத்தூன் பீவி பனை விசிறியால் விசிறிக்கொண்டே, "பக்கீரு, கால நல்லாக் கீழ வையி. கடலு வந்தா நான் சொல்றேன்" என்றார். மண்டி ஆட்களில் ஒருவர் சிரிப்பை அடக்க வெளியே போக வேண்டியதாயிற்று.

நாலு மணிக்கு ஃபேன் சுற்றியது. பக்கீர் முகம்மது தன்னை அறியாமல் இரண்டு காலையும் தூக்கினார். ஒரு நிமிஷம் ஆனது. ஐந்து நிமிஷம் ஆனது. நுரை இருந்த உயரத்திலேயே இருந்தது. தரையில் அவருடைய காலடித் தூசியைத் தவிர ஒன்றுமில்லை.

அவர் எழுந்து, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆட்டோ வாடகை தெண்டம்."

"தெண்டமில்ல பெரிய மச்சான்." தஹ்மீனா உள்ளே போய் அந்த அட்டைப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதைத் தஞ்சாவூர்ல லூர்துராஜ் கடையில எறக்கிடச் சொல்லுங்க. பம்பு நம்ம ஊருக்கு ஆவாதுன்னு சொல்லிட்டேன். குழாய மட்டும் எடுத்துக்குறாராம்."

பக்கீர் முகம்மது பெட்டியைப் பார்த்தார், தம்பி பெண்டாட்டியைப் பார்த்தார். "நாளைக்குப் பதினோரு மணிக்கு வர்றாங்க," என்றார். கொஞ்சம் தயங்கி, "மீனக் காட்டுனா புள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அது அவன் பேசுகிற நேரம் இல்லை.

"சவூதிச் சாமான அனுப்பிட்டியா?"

"அனுப்பிட்டேன்."

"என்னையக் கேக்கணும்னு தோணலையா?"

"நீங்க ஏழு நாளா போனே பண்ணல."

அந்தப் பக்கம் பெருமூச்சு. பின்னணியில் யாரோ தட்டுக் கழுவும் சத்தம். "உம்மா சொன்னாங்க, மீன்குஞ்சு வண்டி பம்பாமே. நான் நாள் பூராவும் மோட்டாரோட மாரடிக்கிறேன், எனக்குத் தோணல பாரு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "தஹ்மீ, ரூம்ல என் கட்டிலுக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் இருக்கு. ஒரு சின்ன தொட்டி வைக்கலாமான்னு பாக்குறேன். எந்த ஸ்கிம்மர் வாங்குறது?"

ஹாலில் சைத்தூன் பீவி சோப்புப் போட்டுக் கழுவிய கையைத் துணியில் துடைத்து, மோந்து பார்த்து, மறுபடி கழுவப் போய்க்கொண்டிருந்தார்.

"எழுதிக்குங்க," என்றாள் தஹ்மீனா. "மூணு கேள்வி இருக்கு. மொதல்ல லேபிளப் படிங்க."